உறைக்கு எடுத்து வைத்த போத்தல்

பெரியவளே, சின்னவனே,

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து அறிவியல் பயிற்சி செய்துகொண்டிருந்தீர்கள். பெரியவளே, நீ தாளில் இரண்டு கட்டம் போட்டிருந்தாய். ஒன்றில் நன்மை செய்யும் நுண்ணுயிர், இன்னொன்றில் தீமை செய்யும் நுண்ணுயிர். தயிர் இந்தப் பக்கம், சொத்தைப் பல் அந்தப் பக்கம். "அப்பா, மண்ணுல இருக்கிறது எதுல வரும்?" என்று கேட்டாய். நான் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடித்தேன். "அப்பாவுக்குத் தெரியல லா," என்று சின்னவன் சிரித்தது காதில் விழுந்தது.

எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுந்து போனேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பாரில் நமக்கு ஒரு பூத்தோட்டம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சீன முதலாளி ஒருவரிடம், தவுக்கேயிடம், வாடகைக்கு எடுத்த நிலம். பின்பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, தூரத்தில் மின்நிலையத்தின் புகைக்கூண்டுகள். அதில் பன்னீர் ரோஜா போட்டிருந்தோம். ஒரு செடியில் தொடங்கியது. உங்கள் அம்மா கல்யாணமாகி வரும்போது தகரத்தில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்த செடி அது. அதிலிருந்து குச்சி வெட்டி நட்டு, அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி வெட்டி நட்டு, நிலம் முழுக்க அதன் பிள்ளைகள்தான். முதல் செடியை அம்மா 'தாயி' என்று கூப்பிடுவாள். தண்ணீர் ஊற்றும்போது அதற்குத்தான் முதலில்.

அந்த மண்ணில் பூ அவ்வளவு எளிதில் வராது. புளிப்பு மண். பாஸ்பேட் எவ்வளவு போட்டாலும் மண் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் கொடுக்காது. நான் செம்பனையில் உரம் போடுகிற வேலை செய்தவன், அதனால் அது தெரியும். ஒரு நாள் கிள்ளானில் விவசாயிகளுக்கு நடந்த கூட்டத்தில் ஒருவர் சின்னப் போத்தல் ஒன்றைக் காட்டினார். உள்ளே மண்ணில் வாழும் பாக்டீரியா. பிடித்து வைத்த பாஸ்பேட்டை அது கரைத்து வேருக்குக் கொடுக்கும் என்றார். வாங்கி வந்தேன். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அந்தத் தோங்கில் தண்ணீர் நிரப்பி, சர்க்கரைப் பாகு ஊற்றி, போத்தலைக் கவிழ்த்துக் கலக்கி, சில நாள் வைத்திருந்து வேருக்கு ஊற்றினோம்.

பொய் சொல்ல மாட்டேன், அது வேலை செய்தது. இலை கரும்பச்சையானது. பூ கொத்துக்கொத்தாக வந்தது. பிரிக்பீல்ட்ஸில் நம்மிடம் பூ வாங்குகிற மாலைக் கடை அக்கா, நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே, "அண்ணே, செடிக்கு பிரியாணி போடுறீங்களா?" என்று கேட்பார்.

ஒவ்வொரு முறையும் புதுப் போத்தல் எதற்கு என்று அம்மா கேட்டாள். "தயிருக்கு என்ன செய்றோம்? கொஞ்சம் எடுத்து வச்சா அடுத்ததுக்கு உறை ஆச்சு. இதுவும் உயிருதானே?" என்றாள். எனக்கும் சரியாகப் பட்டது. தோங் காலியாகும்போது அடியில் இருப்பதில் ஒரு போத்தல் எடுத்து ஐஸ்பெட்டியில் வைப்போம், மோருக்குப் பக்கத்தில். அடுத்த தோங்குக்கு அதுதான் உறை. சில முறைக்குப் பிறகு அதன் வேகம் குறைந்த மாதிரி தெரிந்தது. உறைக்கு ஊட்டம் கொடுக்கலாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். எந்தச் செடி நன்றாக இருக்கிறதோ அதன் வேரடி மண்ணில்தான் நல்ல உயிர் இருக்கும். நம்மிடம் நல்ல செடி எது? தாயிதான். அதற்குக் கால் அப்படி. மண்ணை ஒட்டித் தண்டு முழங்கை பருமனுக்கு உருண்டு திரண்டு, முடிச்சு முடிச்சாக இருக்கும். வருகிறவர்களிடம் அம்மா காட்டுவாள். "பாருங்க, எப்படிக் காலு ஊன்றி நிக்குது." அந்தக் காலடி மண்ணை ஒரு கை அள்ளி, கூடவே கொஞ்சம் வேரையும் கிள்ளி, தோங்கில் போட்டோம். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான் செய்தோம்.

இன்னொன்றும் செய்தோம். புதுக் குச்சி வெட்டினால், நடுவதற்கு முன் வெட்டிய நுனியைத் தோங் தண்ணீரில் நனைப்போம். பிறந்த பிள்ளைக்குச் சீனித் தண்ணி தொட்டு வைக்கிற மாதிரி என்று அம்மா சொல்வாள்.

பிள்ளைச் செடிகளுக்கும் கால் திரள ஆரம்பித்தது. சந்தோஷப்பட்டோம். மண்ணைக் கிளறிப் பார்த்து, "இதுக்கும் வந்திருச்சு, இதுக்கும் வந்திருச்சு" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். அதைத்தான் என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. கெட்டது வந்தபோது பயந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அப்புறம் பூ சிறுத்தது. இலை வெளுத்தது. மாலைக் கடை அக்கா ஒரு பூவை எடுத்து என் சட்டை மேல் வைத்துப் பார்த்தார். "அண்ணே, இது ரோஜாவா பட்டனா? தச்சுக்கலாம் போல."

"மழை அதிகம் அக்கா."

"மழை எனக்கும்தான் பேயுது. நான் சுருங்கலையே?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு செடியின் காலைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே மரம் இல்லை. பஞ்சும் கட்டையும் கலந்த மாதிரி ஒரு சதை. அந்த உருண்டையை வெட்டி எடுத்தேன். வெட்டின இடத்தில் தோங் தண்ணீரை மருந்து மாதிரி தடவினேன். கத்தியையும் அதிலேயே கழுவினேன். அடுத்த செடிக்குப் போனேன்.

வெட்டிய இடத்தில் பெரிதாக முளைத்தது.

தவுக்கேயின் மருமகன் சொல்லித்தான் செமினியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். அங்கே நம் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார், இளவயது. நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். மூன்று சாம்பிள் கொண்டுபோயிருந்தோம். மூடி திறக்காமல் வைத்திருந்த ஒரு பழைய கடைப் போத்தல், தோங் தண்ணீர், தாயியின் காலிலிருந்து வெட்டிய துண்டு. அந்தத் துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஆனால் டெஸ்ட் முடியாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார்.

"காத்திருங்க அங்கிள். அதுவரைக்கும் யாருக்கும் குச்சி குடுக்காதீங்க, அதே தோங்கையும் ஊத்தாதீங்க."

காத்திருந்தோம். அம்மா அந்த நாட்களில் தாயியோடு பேசிக்கொண்டே இருப்பாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அந்த நிலம் போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுபடி கூப்பிட்டார்கள். மிஸ் எங்களை உட்கார வைத்து, பசியாறினீர்களா என்று கேட்டு, பிறகு சில வட்டத் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தட்டில் பால் உறைந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அது கரையாத பாஸ்பேட்டாம். அதன் மேல் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளை போய், கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு வட்டம்.

"பாத்தீங்களா ஆன்டி, கரைச்சிருக்கு. கடைப் போத்தல்ல இருந்தது கரைக்குது. உங்க தோங்ல இருந்தது இன்னும் நல்லாக் கரைக்குது. செடியோட கால்ல வந்த கட்டிக்குள்ள இருந்ததும் கரைக்குது."

"மூணும் ஒண்ணா மிஸ்?" என்றாள் அம்மா.

"பேரு ஒண்ணுதான். அக்ரோபாக்டீரியம். ஒரே இனம்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்ப நல்லதுதானே! நான் சொன்னேன்ல? மழையாலதான்!"

 மிஸ் இன்னும் சில தட்டுகளை எடுத்தார். அவற்றில் கேரட் வில்லைகள். முதல் தட்டில் வில்லைகள் காய்ந்து சும்மா இருந்தன. அதில் கடைப் போத்தலை விட்டிருந்தாராம். இரண்டாவது தட்டிலும் மூன்றாவதிலும், கேரட்டின் நடு வளையத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன உருண்டைகள், வெளிர் நிறத்தில், நெருக்கமாக முளைத்திருந்தன. நம் தாயியின் கால் மாதிரியே, சுண்டுவிரல் நகத்தளவில்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

"பேரு ஒண்ணுன்னு சொன்னீங்களே," என்றேன்.

"அதான் அங்கிள் இதுல சிக்கல். முன்னாடி, கட்டி உண்டாக்கினா ஒரு பேரு, உண்டாக்கலன்னா வேற பேருன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. அப்புறம் உள்ளாற பாத்தா ரெண்டும் ஒரே ஆளு. கட்டி உண்டாக்குற சக்தி அதோட சொந்தம் இல்ல. உள்ள ஒரு சின்ன வளையம் மாதிரி இருக்கும், தனியா. அது இருந்தா கட்டி வரும். இல்லன்னா வராது. அந்த வளையத்த ஒண்ணு இன்னொண்ணுக்குக் குடுக்கவும் முடியும். அதனால பேர வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது."

"வளையல் மாதிரியா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படி வச்சுக்கலாம் ஆன்டி. ஒருத்தி கழட்டாமலே இன்னொருத்திக்கு அதே மாதிரி ஒண்ணு போட்டு விடுறா."

நான் எங்கள் வழக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். உறை எடுத்து வைப்பது, தாயியின் காலடி மண், குச்சி நுனியை நனைப்பது, கத்தியைக் கழுவியது. குச்சி நனைப்பதைச் சொன்னபோது மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "அது காயத்து வழியாத்தான் உள்ள போகும் அங்கிள்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

தோங்கில் இருந்தது, கடைப் போத்தல் பாக்டீரியா வளையம் வாங்கிக்கொண்டதா, அல்லது தாயியின் காலிலிருந்து வந்ததே சர்க்கரைப் பாகு குடித்துப் பெருகியதா என்று கேட்டேன். இதுவரை பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்றார். எதுவாக இருந்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான் என்றும் சொன்னார். கடைப் போத்தல் சுத்தம். தாயிக்கு எப்போது வந்தது என்றால், அந்தத் துண்டு பழைய கட்டி, மரம் மாதிரி முற்றியிருக்கிறது, பல வருஷம் இருக்கலாம் என்றார். நம் வீட்டுக்கு அது தகரத்தில் வந்தபோதே இருந்ததா? அதையும் யாரும் சொல்ல முடியாது.

"அந்த வளையத்த மட்டும் எடுத்துட முடியாதா மிஸ்?" என்றாள் அம்மா. "மத்தது நல்லதுதானே. கரைக்குதுதானே."

"லேப்ல முடியும் ஆன்டி. சூட்டுல வச்சா சிலது விட்டுடும். ஒவ்வொண்ணாப் பாத்துப் பிரிக்கணும். தோட்டத்துல முடியாது."

"சரி, பாக்டீரியாவக் கொன்னுட்டா? மருந்து அடிச்சா? தாயிக்கு மட்டுமாச்சும்?"

மிஸ் கேரட் தட்டுகளை ஓரமாக நகர்த்தினார். "ஆன்டி, அது அந்த வளையத்துல ஒரு பங்க செடிக்குள்ள விட்டுட்டுப் போயிடும். செடியோட உடம்பே அதுக்கப்புறம் தானாக் கட்டிய வளக்கும். பாக்டீரியா எல்லாம் செத்தாலும் கட்டி வளர்றது நிக்காது."

வரும் வழியில் காஜாங் தாண்டினோம். பிறகு அம்மா, "நம்மதான் ஊட்டி வளத்திருக்கோம்," என்றாள். அவ்வளவுதான்.

மிஸ் சொன்னபடி எல்லாவற்றையும் பிடுங்கினோம். வேரோடு, கறுப்புப் பைகளில் கட்டி, லோரியில் ஏற்றினோம். பூத்திருந்த செடிகளையும்தான். பையின் வாய் கட்டும் இடத்தில் பூ வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து ஆள் ஒருவர் மோட்டாரை நிறுத்தி, "அண்ணே, தூக்கித்தானே போடுறீங்க, ஒரு குச்சி குடுங்க, வீட்டுக்காரி கேப்பா," என்றார். கொடுக்க முடியாது என்றேன். நோய் என்றேன். "பூ பூக்குது, நோய்ங்கிறீங்க. ரொம்பத்தான் கஞ்சம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்போம் தெரியுமா? கோயிலுக்குக் கொடுத்தோம். மாதா கெபிக்குப் பக்கத்தில் நட ஒருவர் வாங்கிப்போனார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு குச்சியையும் நனைத்து, ஈரத் துணி சுற்றி, ஆசையாகக் கொடுத்தோம். தெரிந்த இடங்களுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். ஒருவரும் பிடுங்கவில்லை. ஓர் ஆன்டி செடியின் காலைக் காட்டி, "எப்படிக் காலு ஊன்றி நிக்குது பாருங்க தம்பி, இதுக்கா நோய்?" என்றார். அந்த வார்த்தையை நாங்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். நான் திரும்பி வந்துவிட்டேன்.

தாயியைக் கடைசியாக வைத்திருந்தோம். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டுச் செம்பனைப் பக்கம் திரும்பி நின்றாள். நான்தான் தோண்டினேன். கால் நான் நினைத்ததைவிடப் பெரிது. மண்ணுக்கு அடியிலும் அப்படியே இறங்கியிருந்தது. பையில் நுழையவில்லை, இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது. மண்வெட்டிச் சத்தம் நின்றதும் அம்மா, "ஆச்சாங்க?" என்று கேட்டாள். "ஆச்சு," என்றேன். திரும்பாமலே நடந்து போய் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மண்ணில் பல வருஷம் அது உயிரோடு இருக்குமாம். செராய் என்கிற எலுமிச்சைப் புல், பண்டான் மாதிரி நீள இலைச் சாதிகளை அது ஒன்றும் செய்யாது, அதைப் போடலாம் என்று மிஸ் சொன்னார். போட்டுப் பார்த்தேன். மனம் வரவில்லை, விலையும் வரவில்லை. நிலத்தைத் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்தோம். நான் காவல் வேலைக்குப் போகிறேன். அம்மா அதே மாலைக் கடையில், எங்கிருந்தோ பெட்டியில் வரும் ரோஜாவைக் கட்டுகிறாள். கடை அக்கா இப்போது அவளிடம் பட்டன் ஜோக் சொல்வதில்லை. அம்மா தலையில் பூ வைப்பதும் இல்லை. ஏன் என்று சின்னவன் ஒரு தடவை கேட்டான். தலைவலி என்றாள்.

பெரியவளே, உன் கேள்விக்குப் பரீட்சையில் பாடப் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுது. அந்தக் கட்டத்தில் எதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் தோங்கில் இருந்தது ஒரே உயிர். அதே ஒன்று பூவைக் கொடுத்தது, அதே ஒன்று செடியைக் கொன்றது. கோடு போட்டுப் பிரிக்கிற இடம் எங்களுக்குக் கண்ணில் படவில்லை. பட்டபோது ஊற்றி முடித்திருந்தோம்.

இன்னும் ஒன்றுதான் சொல்ல வேண்டும். கடைசித் தோங்கைக் கொட்டுவதற்கு முன், பழக்கத்தில், ஒரு போத்தல் உறைக்கு எடுத்து வைத்திருந்தோம். காப்பாரிலிருந்து வரும்போது ஐஸ்பெட்டிக்குள் மற்ற சாமான்களோடு அதுவும் வந்துவிட்டது. சம்பல் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதைக் கொட்டவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தினமும் அந்தக் கதவைத் திறந்தோம், மூடினோம். வீட்டில் ஏதாவது மிச்சமிருந்தால் கொதிக்க வைக்காமல் கொட்டக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார்.

நீ தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன அன்று காலை, அம்மாவும் கடைக்குப் போயிருந்தாள். நான் அந்தப் போத்தலை எடுத்தேன். இனிமேல் சோறு வைக்கத் தேவையில்லாத பழைய சட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அதில் ஊற்றினேன். அடியில் தங்கியிருந்ததைத் தண்ணீர் விட்டு அலசி, அதையும் ஊற்றினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். சர்க்கரைப் பாகு வாசனை வந்தது, பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சுகிற வாசனை மாதிரி. ஜன்னலைத் திறந்துவிட்டேன். கீழே மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. தளதளவென்று கொதித்த பிறகும் அணைக்காமல் பக்கத்திலேயே நின்றேன். பிறகு போத்தலையும் மூடியையும் அந்தச் சட்டிக்குள்ளேயே போட்டேன்.